கேமரா போடாத பிள்ளை

எனக்குச் சின்னப் பிள்ளையின் குரல். வயது ஐம்பதைத் தாண்டியும் அது முதிரவில்லை. அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றால், "பாப்பா, பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடும்மா" என்பார்கள். நான்தான் பெரியவள் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், அல்லது நம்பவில்லை. பிறகு "இருங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு "சொல்லுங்க" என்று நானே பேசப் பழகிக்கொண்டேன்.

அந்த அலுவலகம் கெலுகோரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டோபி கடை. படியேறும்போது சோப்புத் தூள் வாசமும் கூடவே ஏறி வரும். மேலே மூன்று அறைகள். ஒன்று டாக்டருடையது. ஊசி போடும் டாக்டர் இல்லை, மனநலம் படித்தவர். பள்ளி ஆசிரியர்களுக்கு அவர் இணையத்தில் பயிற்சி நடத்துகிறார். மனக்கஷ்டத்தில் இருக்கும் ஒரு மாணவனோடு கணினித் திரை வழியாக எப்படிப் பேசுவது, என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது, எப்போது பள்ளிக் கவுன்செலிங் ஆசிரியரிடம் கொண்டுபோவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். நான் அங்கே கதவு திறப்பேன், தேநீர் போடுவேன், நகல் எடுப்பேன், பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களுக்கு இணைப்பை அனுப்புவேன். ஐந்தாம் படிவம் வரை படித்தவளுக்கு அது நல்ல வேலைதான். அதற்கு முன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்குள் பார்த்தே பல வருடங்களைக் கழித்தவள் நான். நிமிர்ந்து ஆளைப் பார்த்துப் பேச வேண்டிய வேலை இல்லை அது. எனக்கு ஒத்துப்போயிற்று.

ஒவ்வொரு பயிற்சியும் சில வாரங்களுக்கு, சனிக்கிழமை காலையில் நடக்கும். ஆசிரியர்கள் அவரவர் வீட்டிலிருந்து திரையில் வருவார்கள். டாக்டர் முதலில் பேசுவார். பிறகு ஒவ்வோர் ஆசிரியராகத் திரையில் ஒரு தனியறைக்கு அனுப்புவார். அங்கே ஒரு மாணவி இருப்பாள். அவளோடு பேசிப் பழக வேண்டும். மாணவியாக நடிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து சில பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் மலாயும் சரளமாக வந்தன. தமிழில் அழச் சொன்னால் சிரித்துவிட்டார்கள்.

"வீட்டுல தமிழ் பேசுற பிள்ளைங்க மனசு கஷ்டத்த இங்கிலீஷ்ல சொல்லாதுக்கா," என்றார் டாக்டர் என்னிடம். நான் அப்போது அவர் மேசையில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். "நீங்க போன்ல பேசுறத கேட்டேன். நீங்களே செய்யலாமே."

"நானா? எனக்கு நாலு பேர் மூஞ்சியப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும் டாக்டர்."

"யார் மூஞ்சியையும் பாக்க வேணாம் லா. உங்க மூஞ்சியையும் காட்ட வேணாம். அந்தப் பிள்ளை கேமரா போடாத பிள்ளை. அதான் கேஸே."

ஓர் அட்டையில் அந்தப் பிள்ளையைப் பற்றி அச்சடித்திருந்தார். முதலாம் படிவம், பதின்மூன்று வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். புதுப் பள்ளியில் தோழிகள் இல்லை. அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் ஒரு தம்பி, அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைய வகுப்பில் கேமரா போடுவதில்லை, வீட்டுப்பாடம் அனுப்புவதில்லை, கேட்டால் "ஒன்னும் இல்ல டீச்சர்" என்பாள். இவ்வளவுதான். மற்றதை ஆசிரியர் எப்படிக் கேட்கிறாரோ அதைப் பொறுத்து மெல்ல மெல்லச் சொல்ல வேண்டும்.

ஒரு விதி இருந்தது. மாணவியாகப் பேசுவது நடிக்கும் ஆள்தான் என்று டாக்டர் முதல் சனிக்கிழமையே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. பின்னால் எல்லோரும் ஒன்றுகூடிப் பேசும்போதுகூட அவளை "அந்தப் பிள்ளை" என்றே சொல்ல வேண்டும். நடிப்பு என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லோரும் சிரித்துவிடுவார்கள், அப்புறம் ஒருத்தரும் மனசு வைத்துப் பேச மாட்டார்கள் என்பார் டாக்டர். அந்த விதி எனக்கும் வசதியாக இருந்தது. ஸ்டோர் ரூமில் தாள் பெட்டிகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொள்வேன். திரையில் என் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். அதற்குள் நான் இருப்பேன்.

ஆசிரியர்கள் பாவம், நல்லவர்கள். ஆனால் கேட்க வந்தவர்களால் தாங்களே பேசாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் "சாப்டியாம்மா?" என்று ஆரம்பித்து, நான் "ம்" என்றதும், எது சாப்பிட்டால் ஞாபகசக்தி வளரும் என்று நேரம் முடியும்வரை சொன்னார். ஒருவர், "நான் உன் வயசுல எஸ்டேட்டுல நடந்தே ஸ்கூலுக்குப் போனேன், தெரியுமா?" என்றார். தெரியாது டீச்சர் என்றேன். இன்னொரு சார், "மொதல்ல கேமராவப் போடு. மூஞ்சி தெரியாம நான் யார்கூட பேசறது, செவுத்துகூடவா?" என்று அதட்டிவிட்டு, உடனே தன் தவறு நினைவுக்கு வந்து, "சாரிம்மா, நீ போடாட்டியும் பரவால்ல, செவுறா இருந்தாலும் பரவால்ல," என்றார். அட்டையில் இருந்த பிள்ளை சிரிக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனாலும் யாராவது ஒருவர் கேட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும், யாராவது ஒருவர், "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் கேள்வி என்னைக் கேட்டதல்ல, அட்டையில் இருந்த பிள்ளையைக் கேட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தும், வெள்ளிக்கிழமை வந்தால் மறுநாள் உடுத்தப்போகும் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் தேய்த்தேன்.

நான் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறேன். முன்பு தனியாக இல்லை. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த தோழியும் நானும் சேர்ந்து எடுத்த வீடு அது. எங்கள் வயதுக்கு இனிமேல் கல்யாணம் எங்கே என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கிள்ளானில் இருந்து வந்த ஒருவருக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து வந்தேன். அவள் போனபின் அவள் அறையைக் கூட்டிப் பெருக்கிக் கதவைச் சாத்தி வைத்தேன். முதலில் தினமும் பேசினாள். பிறகு தீபாவளிக்குப் பேசினாள். அவள்மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்குப் பேச அங்கே ஆள் இருக்கிறது.

லிட்டில் இந்தியாவுக்குப் பஸ் ஏறிப் போய், வாங்க ஒன்றும் இல்லாமல், துணிக்கடைகளில் போட்டிருக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டுத் திரும்பிய ஞாயிறுகள் உண்டு. கடைக்காரர்கள் "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்பார்கள். அதற்காகவே போனேனோ என்னவோ. அதனால் அந்தக் கறுப்புக் கட்டம் என் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். எவருக்கும் தெரியாமல் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாலிக் புலாவ் டீச்சர் வந்தார். அது மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்; அங்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். அவர் சேர்ந்த பயிற்சியின் முதல் சனிக்கிழமை அவர் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, வர முடியவில்லை. இரண்டாவது வாரம் வந்து சேர்ந்துகொண்டார். மாணவி நடிப்பவள் என்ற விஷயத்தை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விதி இருந்தது. மற்ற ஆசிரியர்கள் "அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லுது, அந்தப் பிள்ளை இப்படிச் சொல்லுது" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசியதைக் கேட்டு, ஏதோ ஒரு பள்ளியிலிருந்து சம்மதம் வாங்கி அழைத்து வந்த பிள்ளை என்றே அவர் நினைத்துக்கொண்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

அவர் முறை வந்தது. திரையில் வட்டமான முகம், பின்னால் மழை பெய்யும் ஜன்னல். மற்றவர்கள்போல் அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"இப்ப பேச முடியுமாம்மா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல டீச்சர்."

"என் பக்கத்துலயும் யாரும் இல்ல. ஒரு சேவல் இருக்கு. மழைக்கு உள்ள வந்து நிக்குது. அது யார்கிட்டயும் சொல்லாது."

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். மற்றவர்கள் காத்திருக்கும்போது அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பது முகத்தில் தெரியும். இவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வ?" என்றார் பிறகு.

தம்பியைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும். அட்டை என் மடியில் இருந்தது.

"கதவத் தட்டுவேன் டீச்சர்," என்றேன்.

"யாரு திறப்பாங்க?"

"யாரும் இல்ல. எங்கிட்டதான் சாவி இருக்கு. யாரும் இல்லன்னு தெரியும். இருந்தாலும் தட்டிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் சாவி போடுவேன்."

அவர் பாவம் என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ சொல்லவில்லை. "ரொம்ப நாளாவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

அதற்குள் நேரம் முடிந்தது. திரை எங்கள் இருவரையும் பொது அறைக்கு இழுத்துக்கொண்டது.

அங்கே நான் பேசக் கூடாது. கறுப்புக் கட்டமாக ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பாலிக் புலாவ் டீச்சர் கதவைத் தட்டும் விஷயத்தைச் சொன்னார். ஒரு டீச்சர், "ஐயோ, எனக்குச் சிலிர்த்துப் போச்சு லா" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். முன்பு அதட்டிய சார், "அந்தப் பிள்ளைக்கு ஒரு பரிசே குடுக்கலாம்" என்றார். அவரால் முடிந்த அளவில் விதியை மீறாமல் என் நடிப்பைப் பாராட்டினார்.

பாலிக் புலாவ் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "பரிசா? என்ன சார் பேசுறீங்க? நாம இங்க பேசிக்கிட்டு இருக்கோம், அந்தப் பிள்ளை அங்க தனியா கிடக்கு. யாரு போய் பாக்கப்போறா? எந்த ஸ்கூலு அது? அந்த ஸ்கூல்ல சொல்லியாச்சா?"

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் வேணும்! பாத்தீங்களா? இப்படித்தான் விடாம கேக்கணும். டீச்சர், இந்த வேகத்த விட்டுடாதீங்க. அடுத்த வாரமும் கேளுங்க."

பாலிக் புலாவ் டீச்சர் மாறிமாறி எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

பயிற்சி முடிந்து டாக்டர் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். "அக்கா, அந்தக் கதவு தட்டுறது கார்டுல இல்லையே?"

"தோணுச்சு டாக்டர்."

"சூப்பரா இருந்துச்சு. அப்படியே வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய பிள்ளைக்கு அன்று நீச்சல் வகுப்பு இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இன்னொரு பக்கம், மடக்கு நாற்காலிகளை எடுத்து அடுக்கும்போது, கேட்டிருக்கலாமே என்றும் இருந்தது.

அடுத்த வார நடுவில் ஒரு மதியம், டாக்டர் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். கீழேயிருந்து யாரோ படியேறி வரும் சத்தம். கதவைத் திறந்தால், அந்த வட்ட முகம். திரையில் பார்த்ததைவிட ஆள் குட்டை. பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையில் பள்ளிப் பெயர் அட்டைகூடக் கழற்றப்படாமல் தொங்கியது. ஒரு கையில் பழுப்புக் காகிதத்தில் கட்டிய பொட்டலம், இன்னொரு கையில் ஒரு புதுப் பென்சில் டப்பா.

"டாக்டர் இருக்காங்களாக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். தொண்டையைக் கனமாக்கினாலும், ஒரு வார்த்தை பேசினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

"எப்ப வருவாங்க?"

கையை விரித்தேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, உதட்டை நன்றாக அசைத்து, "பேச வராதாக்கா? பரவால்ல, பரவால்ல. நான், இங்க, உக்காருறேன். சரியா?" என்று நாற்காலியையும் தன்னையும் மாறிமாறிக் காட்டினார். நான் தலையாட்டினேன். உள்ளே போய்த் தேநீர் கலக்கினேன். சர்க்கரை போட்டோமா என்று மறந்துபோய் இரண்டாவது தடவையும் போட்டேன்.

அதைக் குடித்துக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார். ஊமை என்று நினைத்த ஆளிடம் மனம்விட்டுப் பேசுவது சுலபம் போலிருக்கிறது.

"ஒரு பிள்ளைக்கா. வீட்டுக்குள்ள போக முன்னாடி கதவத் தட்டுமாம், உள்ள ஆளே இல்லாம. எனக்குச் சோறு எறங்கல. எங்க வீட்டுக்காரரு, 'உன் ஸ்கூல் பிள்ளைங்களுக்கே நேரம் பத்தல, ஊரான் பிள்ளைக்கு எதுக்கு அழுவுற'ங்கறாரு. அவருக்குத் தெரியுமா? நான் பேசினேன்ல. அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு." பொட்டலத்தை மேசையில் நகர்த்தினார். வறுத்த அரிசி சேமியா வாசம் வந்தது. "மீகூன் பெரட்டிக் கொண்டாந்திருக்கேன். இந்த வயசுப் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். எந்த ஸ்கூல்னு மட்டும் டாக்டர் சொன்னா, நானே கரேத்தா எடுத்துக்கிட்டுப் போய் பாத்துடுவேன். சொல்லாட்டி, இங்கேருந்து நேரா கல்வி இலாகாவுக்குத்தான் போவேன். விட முடியாதுக்கா. விடக் கூடாதுன்னு அவங்கதான சொல்லிக் குடுத்தாங்க?"

நான் கதவோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டருக்குப் போன் செய்யலாம். அவர் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவார். அது நடிப்பு டீச்சர், எங்கள் ஆள் ஒருத்தர், நன்றாகக் கற்பனை செய்வார். அத்தோடு முடிந்துவிடும். கதவைத் தட்டுவதும் கற்பனையாகிவிடும். சனிக்கிழமை நான் மறுபடியும் கறுப்புக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

உள்ளே போய்க் கைப்பேசியைக்கூட எடுத்தேன். டாக்டரின் பேர் திரையில் வந்தது. வெளியே டீச்சர் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. மலை ரோட்டில் வளைந்து வளைந்து காரோட்டி வந்திருக்கிறார், இல்லாத ஒரு பிள்ளைக்கு மீகூன் கட்டிக்கொண்டு. அவர் வந்தது ஒரு பிள்ளைக்காக. ஆனால் அவரை வரவைத்தது அந்தக் கதவு. அது நிஜமாகவே இருந்தது.

கைப்பேசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"டீச்சர்," என்றேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ஸ்டோர் ரூம் பக்கம் எட்டிப் பார்த்தார். "பிள்ளை இங்கயா இருக்கு?"

"நான்தான் டீச்சர்."

அவர் அப்போதும் புரியாமல் என் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிள்ளை இல்லை, அட்டைதான் இருக்கிறது, முதல் வாரமே எல்லோருக்கும் சொன்னார்கள், நீங்கள் அன்று வரவில்லை.

"அன்னிக்கி ஸ்போர்ட்ஸ் டே லா!" என்று கத்தினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். "எல்லாரும் சேர்ந்து என்ன முட்டாளாக்கிட்டீங்களா? அத்தன பேரும் தலைய ஆட்டினீங்களே! நான் சாமி மேடையில அந்தப் பிள்ளைக்குன்னு தனியா ஒரு வெளக்கு ஏத்தினேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட, அந்தப் பிள்ளைய நம்ம வீட்டுல கொண்டாந்து வச்சிக்கலாமான்னு கேட்டேன். தெரியுமா உங்களுக்கு? வயசுல பெரியவங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு டீச்சர்."

அதைச் சொன்னது பிள்ளைக் குரலில்தான். அப்போது வேறு குரல் என்னிடம் இல்லை. அதைக் கேட்டு அவர் முகம் இன்னும் கோணியது. பென்சில் டப்பாவைப் பைக்குள் போட்டார். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். கீழே யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள்.

போனவர் திரும்பினார்.

"அந்தக் கதவு. அதையும் டாக்டர்தான் எழுதிக் குடுத்தாங்களா?"

ஆமாம் என்று சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு.

"இல்ல டீச்சர். அது கார்டுல இல்ல."

அவர் நின்றார். ஒரு காலில் செருப்பு, இன்னொன்று பாதி நுழைந்தபடி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அவர் கால்கள்தான் நினைவில் இருக்கின்றன. கீழே மறுபடியும் ஹாரன். "இது யாரோட கரேத்தா? லாரி உள்ள வரணும்!" என்று டோபி கடைக்காரர் மேலே பார்த்துக் கத்தினார்.

"என்னுதுதான், இருங்க, வர்றேன்!" என்று டீச்சரும் அதே சத்தத்தில் கத்தினார். பிறகு இரண்டடி உள்ளே வந்து, பொட்டலத்தை மேசையில் வைத்தார். "ஆறிடும். சாப்பிடுங்க," என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

அதை மதியமே சாப்பிட்டேன். உறைப்பு குறைவாக இருந்தது. பிள்ளைக்கென்று செய்ததல்லவா.

டாக்டரிடம் நானே சொன்னேன், கதவைத் தவிர மற்றதை. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றே டீச்சரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். விதியையும் மாற்றினார். இனிமேல் ஒவ்வொரு வாரமும் நடிக்கும் ஆள் முதலில் முகம் காட்டி, தான் யாரென்று சொல்லிவிட்டுத்தான் மாணவியாக மாற வேண்டும். நல்ல விதிதான். இன்னொரு டீச்சர் மலையேறி வரக் கூடாது.

"என்னால முடியாது டாக்டர்," என்றேன்.

"ஒரு நிமிஷம்தான்கா. ஹாய் சொல்லிட்டு கேமராவ ஆஃப் பண்ணிடலாம்."

"வேணாம் டாக்டர்."

அவர் வற்புறுத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் நன்றாகப் பேசும் ஒரு பெண் கிடைத்தாள். கலகலப்பான பெண். வந்ததும் "ஹாய் ஆன்ட்டி" என்பாள். இப்போது சனிக்கிழமைகளில் ஸ்டோர் ரூமில் அவள் உட்காருகிறாள். நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். நான் இந்தப் பக்கம் கோப்பைகளைக் கழுவும்போது, ஆசிரியர்களின் குரல் ஒவ்வொன்றாகக் கேட்கும். "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பழக்கத்தில் எனக்குள்ளே ஏதோ பதில் சொல்ல எழும். தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிடுவேன்.

பாலிக் புலாவ் டீச்சர் பயிற்சியை விடவில்லை. அவர் குரலும் சுவர் வழியாக வந்தது. நான் அங்கே இருக்கிறேனா என்று அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை, விளக்கை அணைக்கப்போகும்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"ஹலோ."

"நான்தான்," என்றார். பேர் சொல்லவில்லை. தெரிந்தது. "டாக்டர்கிட்ட குடுக்க வேணாம். உங்ககிட்டதான்."

"சொல்லுங்க டீச்சர்."

"சொல்ல ஒன்னும் இல்ல. திரும்பக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்கல்ல. ஒரு தடவ கேட்டுட்டு விட்டா, கேக்காம இருந்ததவிட மோசம்னு. அதான்." கொஞ்சம் தயங்கினார். "முன்னாடியே கூப்பிட்டிருக்கணும். கோபம் போக மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் இருக்கு, ஆமா."

"இருக்கட்டும் டீச்சர்."

"பிள்ளைங்ககிட்ட எப்படி கேக்கறதுன்னு பக்கம் பக்கமா குடுத்திருக்காங்க. பெரியவங்ககிட்ட எப்படின்னு ஒன்னும் குடுக்கல. நீங்கதான் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கணும்."

எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் அட்டை இல்லை. அம்மாவின் ஷிப்ட், தம்பி, புதுப் பள்ளி, எதற்குப் பின்னாலும் போய் நிற்க முடியாது. டீச்சர் என்று சொல்வதா, வயதில் சின்னவராச்சே, தங்கச்சி என்பதா என்றுகூடக் குழப்பமாக இருந்தது.

"இன்னிக்கி எப்படி இருக்கீங்க?" என்றார்.

ஒன்னும் இல்ல டீச்சர் என்பது நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ தடவை சொன்ன வசனம்.

"இன்னிக்கி காலையிலருந்து யாருகூடவும் பேசல," என்றேன். "டாக்டர் லீவு. போனும் வரல. இதான் மொத தடவ வாயத் திறக்கறேன்."

அவர் போனை வைத்துவிடவில்லை. மூச்சு விடுவது கேட்டது, அவர் வீட்டில் யாரோ பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் பாசாரில் மீன் விலையைப் பற்றிப் பேசினோம். அவர் ஊரில் கெம்போங் மீன் மலிவு என்றார். நான் இங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை என்றேன். அதில் பேச அதிகம் இல்லை. "வச்சிடட்டுமா?" என்றார். "ம்" என்றேன்.

அதை நட்பு என்று சொல்ல முடியாது. நேரில் நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. வீட்டுக்கு வாங்க என்று அவர் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, திருத்த வேண்டிய கட்டுரைகள் இருக்கின்றன, நிஜமான பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வியாழக்கிழமைகளில் அழைக்கிறார், சிலவற்றில் மறந்துவிடுகிறார். அழைக்காத வாரங்களில் நான் அலுவலகத்தைக் கொஞ்சம் தாமதமாகப் பூட்டுகிறேன்.